சாலையோரத் தொட்டியின் மஞ்சள் நிறம்

குடிநீரைச் சோதிக்கும் சுகாதார ஆய்வாளருக்கு எந்த ஊரிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். குடிக்காமல் சோதித்துவிடுவான் என்ற பயம். என்னைப் போல இதே வேலையில் அலைகிற உங்களுக்கு இது புதிதல்ல.

ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொத்தக்கடை. உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். வெளிநாட்டு பிஸ்கட் பெட்டிகளில் தேதி ஒட்டியிருந்த இடம் மட்டும் தடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதன்படி பிஸ்கட்டின் ஆயுள் முடிந்து நாலு மாதம்.

பெட்டிகளைப் பறிமுதல் செய்தோம். ஏற்கெனவே ஒரு லோடு கல்வராயன் மலைக்குப் போய்விட்டதாம். கடைக்காரர் எங்களைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னார்: "டவுன்ல ஒண்ணுகூட விக்கலீங்க சார். எல்லாம் மலைக்குப் போற சரக்கு. அங்க எவன் தேதி பாக்குறான்?"

மருந்து யாருக்கு?

அந்த லோடைத் தேடி மறுநாளே மலை ஏறினேன். லோடு இறங்கிய ஊரின் பெட்டிக்கடையில் பிஸ்கட் பாக்கெட்டுகள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அங்கன்வாடி ஊழியர் வழிமறித்தார். மூன்று குழந்தைகளுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. மூவரும் மேலத்தெருப் பிள்ளைகள்.

பிஸ்கட் காரணமில்லை என்றால் தண்ணீர்தான். வழக்கம்போல ஜீப் நிற்கும் இடத்தில், சாலையோரத் தொட்டியில் தண்ணீர் பிடித்துச் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டேன். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும்; ஆயிற்று. பிறகு மேலத்தெரு மேட்டில் ஏறி, அங்குள்ள தொட்டியில் சோதித்தேன். தண்ணீர் நிறம் மாறவேயில்லை.

தொட்டிக்குப் பொறுப்பான ஆபரேட்டரிடம் பதிவேட்டை வாங்கினேன். பிளீச்சிங் பவுடர் போட்டதாக இரண்டு தொட்டிக்கும் தினமும் கையெழுத்து. அன்று தேதி பதினொன்று. கையெழுத்து முப்பதுவரை இருந்தது. பதிவேட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவரோ நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று புரியாமல் விழித்தார். பொய் சொல்லும் முகமே இல்லை.

"நீங்க டெஸ்ட் பண்ற தொட்டிக்குத்தானே சார் மருந்து?"

ஏறாத மேடு

அவரைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அந்த மூன்று குழந்தைகளில் ஒன்றைத் தாய் தூக்கி வந்தாள்; அது துவண்டு, கண் உள்ளே போய், அவள் தோளில் கிடந்தது. அதற்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். ஏறும்போது அந்தத் தாய் கோபமில்லாமல்தான் கேட்டாள்: "ரெண்டு வருசமா ரோட்டுக்கு வந்துக்கினு போறீங்களே சார், இந்த மேடு ஏற இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

அதிகாரியின் கவலை

மேலத்தெருத் தொட்டியைக் கழுவவைத்து, பவுடர் கலக்கவைத்து, 'குளோரின் இல்லை' என்று அறிக்கை அனுப்பினேன். மேலதிகாரி போனில் அழைத்தார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்றுதான் எடுத்தேன். "எல்லா மாசமும் இருக்குன்னு எழுதினீங்க. திடீர்னு இல்லன்னா நான் மேல இன்னான்னு சொல்றது? மாத்தி எழுதிக் குடுங்க."

நான் மாற்றி எழுதவில்லை. குழந்தை நாலாம் நாள் நல்லபடியாக வீடு திரும்பியது, அனுமதியில்லாமல் ஜீப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது ஏன் என்ற மெமோ ஐந்தாம் நாள் எனக்கு வந்தது.