மூக்கால் போட்ட கோல்

காலை ஏழு பத்துக்கு விளையாட்டு மைதானத்தின் வடக்கு வேலியோரம் பெனுவா தெல்ஸோல் தன் மினிபஸ்ஸை நிறுத்துவார். அங்கே நிறுத்தம் கிடையாது. ஏறவும் ஆளிருக்காது, இறங்கவும் ஆளிருக்காது. வண்டியில் புதுமுகம் யாராவது உட்கார்ந்திருந்தால் போதும், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முழு உடம்பையும் பின்பக்கம் திருப்புவார். “அந்த இடது கம்பம் தெரியுதா? அதுக்கு ரெண்டு முழம் இந்தப் பக்கம். இந்த நாட்டோட முதல் கோல் அங்கதான் விழுந்துச்சு. போட்டது யாரு? கேளுங்க, யாருன்னு கேளுங்க!” கேட்கும்வரை வண்டி நகராது. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோகும்.

பதினாறு வருடமாக நான் அந்த வண்டியில்தான் தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறேன். பெனுவாவுக்கு எழுபத்தொரு வயது. மூக்கு நேராகப் புறப்பட்டுப் பாதி வழியில் வலது பக்கம் திரும்பிவிடும். ஊரில் அவருக்கு மூக்கு கேப்டன் என்று பெயர். கூப்பிட்டால் கோபிக்க மாட்டார். கோபமெல்லாம் வேறு விஷயங்களுக்கு. நனைந்த குடையை மடக்காமல் ஏறுகிறவர்கள்மேல் கோபம். சுட்ட சீமைப்பலாவுக்கு வெண்ணெய் தடவாமல் கொடுக்கிற கடைக்காரிமேல் கோபம். வானொலியில் கிரிக்கெட் வைக்கச் சொல்கிறவர்களை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார். “கிரிக்கெட்டு பத்துத் தீவும் சேர்ந்து ஒரே அணியா ஆடறது. ஜெயிச்சாலும் யாரு ஜெயிச்சான்னு தெரியாது. புட்பாலுதான் நாம நாமளா ஆடறது. தோத்தாலும் நம்ம தோல்வி!”

தோல்விக்குக் குறைவே இருந்ததில்லை. எங்கள் தீவு விடுதலையாகிச் சொந்தக் கொடி ஏறிய வருடம், தீயணைப்பு நிலையத்துக்காரர்களிடம் இரவல் வாங்கிய சட்டையோடு எங்கள் அணி முதல் ஆட்டம் ஆடியது. நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது, எங்கள் மண்ணில், தெற்குத் தீவுக்காரர்களோடு. கொட்டுகிற மழை. அவர்கள் ஆறு போட்டுவிட்டார்கள். முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது இடப்பக்கமிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. பெனுவாவும் அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஒருவனும் சேர்ந்தே எழும்பினார்கள். பந்து பெனுவாவின் முகத்தில் அறைந்து வலைக்குள் போனது. சேற்றில் வழுக்கிய அந்தத் தடுப்பாட்டக்காரனும் அதன் பின்னாலேயே வலைக்குள் போய் விழுந்தான். மழையோடு மழையாக ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டதாம். பெனுவா பார்க்கவில்லை. கண்ணெல்லாம் ரத்தம். “என் கோல நான் பாத்ததே இல்ல, மிஸ். காதால கேட்டேன். அவ்வளவுதான்.”

சென்ற வருடம், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் ஹொனோரே எங்கள் தேசிய அணியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். தேவாலயத்தின் பாரிஷ் கூடத்தில் வெளியீடு. பெனுவா கோட்டு அணிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினோராம் பக்கத்தை அவர் திறந்ததைப் பக்கத்து நாற்காலியிலிருந்து நான் பார்த்தேன். ‘நம் நாட்டின் முதல் கோல், எதிரணித் தடுப்பாட்டக்காரர் கஸ்பார் மாத்துரின் தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே அடித்தது.’ பெனுவாவின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை.

வாழ்த்துரை நடந்துகொண்டிருந்தது. பெனுவா எழுந்துவிட்டார்.

“ஐயா, இதை எங்க பாத்து எழுதுனீங்க?”

“அந்தக் காலப் பத்திரிகையில இருக்கு, மிஸ்டர் தெல்ஸோல்.”

“எந்த ஊருப் பத்திரிகை?”

ஹொனோரே கண்ணாடியைத் துடைத்தார். “நமக்கு அப்ப பத்திரிகை ஏது? தெற்குத் தீவுப் பத்திரிகைதான்.”

“ஆறு கோல் போட்டவன் நாம ஒரு கோல் போட்டத ஒத்துக்குவானா? அவன் எழுதுனதப் பாத்து நம்ம சரித்திரத்த எழுதுவீங்களா? இந்த மூக்கு பிறக்கும்போதே கோணலாவா இருந்துச்சு?”

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அன்று மைதானத்துக்குள் இறங்கி ஓடியவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவராவது எழுந்து, ஆமாம், நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அச்சுப் புத்தகத்தை எதிர்த்துப் பேச எல்லோருக்கும் கூச்சம். எல்லோரும் ரம் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நானும்தான் சாப்பிட்டேன்.

மறு வெள்ளிக்கிழமை மினிபஸ் ஓடவில்லை. பெனுவா கப்பலேறித் தெற்குத் தீவுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை திரும்பிவந்தபோது அவருடைய கோபம் வேறொரு கோபமாகியிருந்தது. மைதானத்தில் வண்டியை நிறுத்தவில்லை. தபால் நிலைய வாசலில் என்னை இறங்கவிடாமல் சொன்னார்:

“சந்தையில போயி மாத்துரின் வீடு எதுன்னு கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. கோல் வாங்குன கதையச் சொன்னேன். ‘ஓ, சேம்சைடு வீடா!’ன்னு நாலு கை நீளுது, மிஸ். காய்கறி விக்கிற சின்னப் பொண்ணுக்குக்கூடத் தெரியுது. ஆட்டம் நடந்தப்ப அவ அம்மாவே பிறந்திருக்க மாட்டா!”

கஸ்பார் மாத்துரின் படகு தச்சர். வாசலில் நின்ற பெனுவாவின் மூக்கைப் பார்த்ததும் இழைப்புளியைக் கீழே வைத்தாராம். முதலில் கேட்டது: “நான் தொடவே இல்லன்னு உனக்காவது தெரியும்ல?” அந்தப் பத்திரிகை வந்த மறுநாளே அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்போது வயது இருபத்திரண்டு. அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. கல்யாண விருந்தில் மாமனாரே எழுந்து நின்று, மாப்பிள்ளை சொந்த வீட்டுக்குள்ளேயே கோல் அடிக்காமல் இருந்தால் சரி என்றாராம். நாற்பத்தெட்டு வருடம். “நான் என் கோல் போச்சுன்னு அங்க போயி நிக்கிறேன்,” என்றார் பெனுவா. “அந்த மனுசனுக்கு வாழ்க்கையே போயிருக்கு. அதையும் நம்மாளு ஒருத்தன் கெட்டி அட்டை போட்டு மறுபடி அச்சடிச்சிருக்கான்!”

இரண்டு வாரம் கழித்து கஸ்பார் கப்பலில் வந்து இறங்கினார். மெலிந்த, உயரமான மனிதர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. “நீங்களும் வாங்க, மிஸ். அவரு எழுத்துல பேசுவாரு, எனக்கு வாய்தான் இருக்கு,” என்று பெனுவா என்னையும் கூட்டிக்கொண்டு ஹொனோரே வீட்டுக்குப் போனார். ஆய்வாளர் எங்களுக்குக் கொக்கோ தேநீர் கொடுத்தார். மரியாதையில் குறைவில்லை. பிறகு சொன்னார்: “அச்சுல வந்ததுதான் ஆதாரம். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் வாயால சொல்றத நான் எப்படி ஏத்துக்கறது?”

“கோல் போட்டது இவரு. போடாதது நான். ரெண்டு பேரும் ஒரே பேச்சுதான் பேசறோம்,” என்றார் கஸ்பார், மெதுவாக. “இதுக்கு மேல யாரு வரணும்? பந்தா?”

“அந்தச் செய்திய எழுதினவரு படிச்ச மனுஷர்...”

“படிச்சவரு மழைக்குப் பயந்து கூரைக்குக் கீழ ஒக்காந்திருந்தாரு. நாங்க ரெண்டு பேரும் சேத்துல கிடந்தோம்,” என்றார் கஸ்பார்.

ஹொனோரே என்னைப் பார்த்தார். நான் அரசாங்க ஊழியை, தன் பக்கம் நிற்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். “கூடத்தில் நான் வாயைத் திறக்காததே போதும், ஐயா. இவர்கள் சொல்வதை எழுதுங்கள்,” என்றேன். வாசித்துக் காட்டுவதுபோல இருந்தது என் குரல்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அடுத்த பதிப்புல ஒரு குறிப்பு போடலாம். பெனுவா தெல்ஸோல் அடித்ததாகச் சிலர் கருதுகிறார்கள், அப்படின்னு.”

“சிலரா?” பெனுவாவின் குரலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. “எதிரியே கப்பலேறி வந்து உங்க முன்னாடி ஒக்காந்திருக்காரு. இன்னும் நாங்க சிலரா?”

ஹொனோரேயின் காது சிவந்தது. எழுந்துபோய்த் தன்னுடைய சொந்தப் பிரதியை எடுத்துவந்து, பதினோராம் பக்கத்தைத் திறந்து, பேனாவையும் மேலே வைத்தார். “சரி. இதப் பாத்துதான் அடுத்த பதிப்புக்கு அச்சுக் கோப்பாங்க. உங்க பேர நீங்களே எழுதிக் கொடுங்க.”

பெனுவா பேனாவை எடுத்தார். கஸ்பார் மாத்துரின் என்ற பெயரைத் தேடி, அதன்மேல் ஒரு கோடு இழுத்தார். போதவில்லை. மறுபடி இழுத்தார், மறுபடியும், தாள் கிழிந்து அடுத்த பக்கம் தெரியும்வரை. பிறகு தன் பெயரை எழுதாமலே பேனாவை மூடி வைத்துவிட்டு, கஸ்பார் எழுந்திருக்கக் கை நீட்டினார்.