வேண்டாத வெற்றி

கோவளம் கடற்கரையில் அவர் லைஃப்கார்ட். மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் வளைந்திருக்கும். பேச்சின் நடுவில் சட்டென்று விசில் ஊதி, ஆழத்துக்குப் போகிறவர்களைக் கரைக்கு அழைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

மாநிலக் குத்துச்சண்டை இறுதிப்போட்டியில் அவர் ஜெயித்த வீடியோவைப் பார்த்துவிட்டு வாழ்த்தப் போனேன்.

“நான் எங்க சார் ஜெயிச்சேன்? கடைசி ரவுண்டுல அவன் என்னைப் பொளந்துட்டான். மூணு ஜட்ஜு எனக்குப் போட்டாங்க, ரெண்டு பேரு அவனுக்கு. அந்த மூணு பேரும் இன்னாத்தப் பாத்துகினு இருந்தாங்களோ!”

பக்கத்துக் கடையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு வந்தார். அன்று தோற்றவர் அவர்தான்.

“மொத ரெண்டு ரவுண்டும் உன்னுது மச்சான். தீர்ப்பு கரீட்டு. எத்தினி தபா சொல்றது?”

“அதுக்குன்னு நான் கொண்டாந்து உன் வூட்ல வச்ச கப்பைத் திருப்பிக் குடுப்பியாடா?”

“தோத்தவன் வூட்ல கப்பு எதுக்கு?”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். “நீங்க சொல்லுங்க சார், யாரு ஜெயிச்சது?”

சண்டை எதற்கு என்று, “ரெண்டு பேரும் சமம்தான்” என்றேன்.

“இன்னா சார், பாக்ஸிங்கே பாத்ததில்லையா?” என்று இருவரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்து வீடியோவை மறுபடி போட்டேன். மீன் கடைக்காரர் ஜெயித்ததாகத் தெரிந்தது. மறுநாள் பார்த்தபோது லைஃப்கார்ட் ஜெயித்திருந்தார். கோவளம் பக்கம் போகவே இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.