அண்ணனுக்கென்று ஒரு டம்ளர்

என் மகளுக்குப் பால் ஊற்றும் எவர்சில்வர் டம்ளரை மாற்றிவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னும் மாற்றவில்லை.

அரியலூரில் காலேஜுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெரு ஒரு காலத்தில் கடலைக்கொல்லையாம். காலேஜ் வந்த பிறகு வீடுகள் வந்தன. வீட்டுக்கு வீடு முன்பக்கம் ஓர் அறை முளைத்தது. சுற்றுவட்டாரத்துப் பையன்கள் வாடகைக்கு வந்தார்கள். பரீட்சை என்றால் தெருவே அடங்கிவிடும். யாரும் மிளகாய் இடிக்கமாட்டார்கள், ரேடியோ முணுமுணுக்கும். பையன்கள் புறப்படும்போது சிறுமிகள் நிறைகுடத்தோடு எதிரே வரவேண்டும். எட்டு வயதில் நான் அதில் ராசிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

எங்கள் முன்னறைக்கு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். முந்திரிக்கொல்லையில் கூலிவேலை செய்பவர்களின் பிள்ளை. "ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்று அம்மா கேட்டாள். அவர் குனிந்துகொண்டே பதில் சொன்னார். அம்மாவின் முகம் மாறியது. "படிக்கிற புள்ள, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அப்பா. அன்றிலிருந்து ஜன்னலில் அவருக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் இருந்தது. அம்மா சொம்பை உயரத் தூக்கி அதில் ஊற்றுவாள். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தனி டம்ளர் கிடையாது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவர் ஒருநாளும் என்னைக் குடம் தூக்கிவரச் சொன்னதில்லை. கடைசி அரியர், இதிலும் போனால் கொல்லை வேலைக்குத்தான் என்று அப்பாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

பரீட்சையன்று குழாயடியில் தளும்பத் தளும்பப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். வாசலில் கால் தடுக்கி, குடத்துத் தண்ணீர் மொத்தமும் அவர்மேல் கொட்டியது. ஹால் டிக்கெட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

"கொறையே வைக்கல பாப்பா நீ" என்று சிரித்தார். அவருடைய இன்னொரு சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா உள்ளே போய்த் தன் பொங்கல் சட்டையை எடுத்துவந்து நீட்டினார். அண்ணன் நிலைப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"மணி அடிச்சுட்டான். போட்டுக்கிட்டு ஓடுய்யா" என்றார் அப்பா.

இரண்டு நாள் கழித்து, துவைத்து இஸ்திரி போட்ட சட்டை செய்தித்தாளில் சுற்றி வந்தது. அம்மா அதைப் பெட்டியில் வைக்கவில்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தபோது எடுத்துப் போட்டாள்.

"புதுசாட்டம் இருக்கே தாயி."

"இருக்கட்டும், எடுத்துக்கங்க."

அதற்குக் கிடைத்ததுதான் இந்த டம்ளர். அண்ணனைப் போல எனக்கும் தனியாக வேண்டும் என்று அழுது அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். அம்மா என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸான சேதியோடு, அறையைக் காலி செய்ய அண்ணன் வந்தார். நான் ஓடிப்போய் என் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். அம்மா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். சட்டையில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

என்னை மாதிரி இல்லை, எவ்வளவு கவனமானவர் என்று நினைத்துக்கொண்டேன்.