நான் எடுத்த குடிசனக் கணக்கு

பத்து வயதில் நான் ஒரு தடவை குடிசனக் கணக்கு எடுத்தேன். அரசாங்கம் என்னைக் கேட்கவில்லை. நானாகவே எடுத்து, நானாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். சின்னம்மா என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான்.

கனடாவில் டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் தனியாக இருந்தார். பென்சில்வேனியாவில் பிறந்து, கல்யாணம் முடித்துக் கனடாவுக்கு வந்தவர். நாங்கள் அமெரிக்க அன்ரி என்போம். அமெரிக்கா ஒரு நாடான காலத்திலேயே தன் தாய்வழி ஆட்கள் அங்கே காணி பூமியோடு இருந்தவர்கள் என்பதைக் கண்மூடுமுன் நிரூபித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நூலகத்திலிருந்து பழைய குடிசனக் கணக்குப் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு வருவார். கையெழுத்தோ கோழி கிளறிய மாதிரி. அன்ரிக்கோ கண் மங்கல். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் வாசித்துக் கொடுப்பேன். பக்கத்துக்கு இரண்டு பிஸ்கட்.

அந்தக் கணக்கில் வீட்டுத் தலைவனுக்கு மட்டும்தான் பெயர் உண்டு. மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்கள். ஆண் இத்தனை, பெண் இத்தனை. கடைசிப் பத்தி அடிமைகளுக்கு. அன்ரி அந்தப் பத்தியை மட்டும் பின்பக்கமாக மடித்துவிட்டுத்தான் தாளை என்னிடம் நீட்டுவார். கணக்கெடுத்தவர்கள் வீடு வீடாகப் போனதால் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பவர்கள் அயலவர்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் அயலுக்குள்ளேதான். அந்த அயல் பெயர்களைப் பிடித்துக்கொண்டே அவர் தலைமுறை தலைமுறையாகப் பின்னுக்குப் போனார். கடைசியில் ஒருநாள் அவர் தேடிய குடும்பம் அகப்பட்டது. பெண்களுக்கான பத்தியில் ஒன்று என்று ஒரேயொரு கோடு. அதுதான் அவருடைய பூட்டிக்குப் பூட்டி. பெயர் எங்குமே இல்லை. ஒரு மனுஷியை ஒரு கோடாக்கிவிட்டார்களே என்று அன்ரி மூக்கைச் சிந்தினார்.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. கொப்பியின் நடுத்தாளைக் கிழித்துக் கட்டங்கள் போட்டேன். எங்கள் கட்டடத்துத் தமிழ் ஆட்களை அதில் எழுதுவதென்று முடிவு செய்து, பதினாலு மாடியும் ஏறி இறங்கினேன். கதவடியில் மிளகாய் வறுக்கிற மணம் வந்தால் அது எங்கள் ஆட்கள். தெரியாத பெயர்களை அந்தந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டேன். மாடி, கதவு இலக்கம், வீட்டுத் தலைவர், ஆண் எத்தனை, பெண் எத்தனை. மொத்தம் பதினொரு வீடுகள். எங்கள் வீட்டில் அப்பா தலைவர், பெண் மூன்று. அம்மா, நான், சின்னம்மா.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கொழும்பிலிருந்து தனியாக வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே அறை. காலையில் என் தலையை இழுத்துப் பின்னிவிடுவார். என் பள்ளிக்கூடக் கதைகள் எல்லாவற்றையும் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். எனக்கு அம்மாவிலும் பார்க்க அவரில் விருப்பம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கட்டட வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் எங்கள் பெயரைப் போட மட்டும் அவர் விடவில்லை. முன்பு குடியிருந்த யாரோ ஒரு போலந்துக்காரரின் பெயரே அங்கே கிடந்தது. அதை அவருடைய ஒரு விசர்க்குணம் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் படம் பார்க்க நாலு குடும்பம் எங்கள் வீட்டில் கூடியிருந்தது. அப்பா கசெட் மாற்றிய இடைவெளியில் நான் எழுந்து நின்று என் கணக்கை உரத்து வாசித்தேன். முதல் இரண்டு வீட்டுக்கும் சிரித்தார்கள். மூன்றாவது வீட்டுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னம்மா குசினியிலிருந்து வந்து தாளைப் பறித்தார்.

"உதை ஆர் உன்னட்டை எழுதச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நானேதான் எழுதினனான்."

"வேற ஆருக்குக் காட்டினனீ?"

அமெரிக்க அன்ரிக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். கன்னத்தில் அறை விழுந்தது. நோவைவிட அதிர்ச்சிதான் பெரிது. அடித்தது சின்னம்மாவின் கைதான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அப்பா சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு மற்றப் பிரதியை வாங்க ஓடினார். உங்கள் மகளுக்கு நல்ல கையெழுத்து என்று அன்ரி மெச்சினாராம். பிரதியோடு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்.

சின்னம்மா சுவரோடு சாய்ந்து நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "உப்பிடி ஒரு லிஸ்ற்றோடதான் எங்கட கேற்றடிக்கும் வந்தவங்கள்."

அது என்னவென்று எனக்கு ஒருவரும் விளக்கவில்லை. தமிழரைத் தேடித் தேடிக் கொன்ற கலவரத்தன்று கொழும்பில் அவர்கள் வாக்காளர் பெயர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதும், சின்னம்மாவின் கணவரை, என் சித்தப்பாவை, முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும், தெரிந்த யாரோ என்று நினைத்து அவர் கதவைத் திறந்தார் என்பதும் எனக்கு இருபது வயதில்தான் தெரியவந்தது.

பத்து வயதில் நான் வேறு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். அன்ரி அழுததை என் கண்ணால் கண்டவள் அல்லவா? சின்னம்மாவையும் நான் ஒரு கோடாக்கிவிட்டேன். கோபம் வராமல் என்ன செய்யும்? அவர் என்னோடு பேசாமல் இருந்த அந்த ஐந்து நாளும் திரும்ப வேலை செய்தேன். இந்த முறை பெரிய மட்டையில், நாலு நிற மையில், பதினொரு வீட்டிலும் இருந்த அத்தனை பேரின் முழுப்பெயரும் வயதும் எழுதினேன். சின்னம்மாவைத் தனி வீடாக்கி, தலைவர் என்று போட்டு, முதல் வரியில் வைத்தேன். சனிக்கிழமை அவர் வேலைக்குப் புறப்படுமுன் மட்டையை நாலாக மடித்து அவருடைய கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

பஸ் தரிப்பிடம்வரை போனவர் விரித்த மட்டையோடு திரும்பி வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் போய்ப் பெட்டியை அடுக்கினார். அம்மா கையைப் பிடித்து அழுதும் நிற்கவில்லை. அன்று பின்னேரமே மொன்றியலில் ஒரு தூரத்துச் சொந்தத்திடம் போய்விட்டார். பிறகு எங்களோடு வந்து இருக்கவேயில்லை.

மட்டையை எழுதுமுன் எழுதிப் பார்த்த தாள் என்னிடம் இருந்தது. அவருடைய வெறுங்கட்டிலில் அதை விரித்து வைத்துக்கொண்டு, யாருடைய பெயரை விட்டுவிட்டேன் என்று மாடி மாடியாக, கதவு கதவாகத் தேடினேன். ஒருவர்கூட விடுபட்டிருக்கவில்லை.