கன்னம் உப்பிய கபடி

எங்கள் லைன் வீட்டில் கபடி ஆடினால் சத்தம் கேட்காது. பாடிப் போகிறவன் "கபடி கபடி" என்று சொல்லமாட்டான். இரண்டு கன்னத்தையும் பூரி மாதிரி உப்பிக்கொண்டு போவான். கன்னம் உப்பியிருக்கும்வரை மூச்சைப் பிடித்திருக்கிறான் என்று கணக்கு. சப்பென்று வற்றினால் அவுட். மூக்கால் இழுத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அதற்காக, பாடிப் போகிறவன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. ஒரு கை மூக்குக்கு, மறு கை ஆளைத் தொடுவதற்கு. பார்க்கிறவர்களுக்கு எங்கள் ஆட்டம் ஏதோ நாற்றம் தாங்காமல் ஓடுகிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

போன மாதம், நான் வாரக் கடைசியில் போய்க் கதை சொல்லும் பிள்ளைகள் கூடத்தில், அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்று ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நான்தான் எதற்கும் முதல் ஆளாகக் கை தூக்குகிறவளாயிற்றே, சரி என்றுவிட்டேன். வண்ண அட்டை, ஸ்கெட்ச் பேனா எல்லாம் வாங்கி உட்கார்ந்தால் அட்டையில் ஒன்றும் வரவில்லை. இந்தக் கபடிதான் வந்தது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மண்ணூரில் குடியிருந்தோம். முன்பு வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த கொல்லையில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார் ஓனர் அம்மா. நடுவில் மண் வாசல், ஒரு குழாய், துணிக் கொடிகள். அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேண்டீனில் காலை ஷிப்ட். எதிர் வரிசை முழுக்கத் தென் மாவட்டத்து அக்காக்கள். காருக்குள் போகிற வயர்களைக் கட்டும் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் பஸ் இறக்கிவிட்டதும் குளித்து, எதையோ வாயில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினால் சாயங்காலம்வரை தூக்கம். நாங்களோ முழுப்பரீட்சை லீவில், அந்தக் கதவுகளுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்.

"ஏ பிள்ளேளா, இப்பந்தான் கண்ணு அயருது, கொஞ்சம் மெதுவாக் கத்துனா என்னட்டி?" என்று ஒரு அக்கா ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்பாள். மெதுவாகக் கத்துவது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அந்த அக்கா கம்பெனியில் வயர் கட்டும் லைனில் நின்றபடியே தூங்கிவிட்டாள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் திட்டி, இன்னொரு முறை தூங்கினால் ஊருக்கே மூட்டை கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டாராம். குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஓனர் அம்மா இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்து எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"இவளுங்க ரூம காலி பண்ணிக்கினு போனா உங்கப்பனாடா வாடக தருவான்? இனிமே எவன் வாயிலிருந்து சத்தம் வந்தாலும், இந்த வாசல்லயே இன்னும் ரெண்டு ரூம் கட்டி வுட்டுருவேன். அப்பறம் ரோட்ல போய் லாரிக்கு நடுவுல வெள்ளாடுங்க."

எங்கள் கேப்டன் அவருடைய கடைசி மகன்தான். அவனே நடுங்கினான். வெளியே சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகும். அந்த மண் வாசலை விட்டால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அன்றைக்கு மூடியதுதான் வாய்.

பேச்சு போனதும் சைகை வந்தது. தூரத்தில் இருப்பவனைக் கூப்பிட முடியாது. ஓடிப்போய்த் தோளைத் தொட வேண்டும். பெயர் சொல்ல முடியாது என்பதால் ஆளுக்கொரு அடையாளம். கேப்டனுக்கு மீசையை முறுக்குவது. அவனுக்கு மீசை முளைக்கவில்லை, இருந்தாலும் அவனே எடுத்துக்கொண்டது. எனக்கு, விரல்களைக் கிளி மூக்கு மாதிரி குவித்து 'லொட லொட' என்று திறந்து மூடுவது. நான் எடுத்துக்கொண்டதல்ல. ஆட்டத்தில் வாயைத் திறந்து முதலில் அவுட் ஆகிறவள் எப்போதும் நானாகவே இருந்ததால் கேப்டன் கொடுத்தது.

இதெல்லாம் நன்றாகப் பழகிய பிறகுதான் கடைசி ரூமுக்கு அவர்கள் குடிவந்தார்கள். பீகார் குடும்பம். அப்பா ஏதோ ஷெட்டில் வெல்டிங் வேலை. அம்மா எந்நேரமும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருப்பார். என் வயதில் ஒரே பையன். அவனுடைய ஒரு புருவம் நடுவில் தழும்பு விழுந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. வந்த அன்றே வாசல் ஓரம் நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்தான். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு யாரும் கூப்பிடாமலே கோட்டுக்குள் வந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, கன்னத்தை உப்பினான். புருவத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து அவனுக்கும் அடையாளம் வைத்துவிட்டோம். அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. அதனால் என்ன, இங்கே யார் பேசுகிறார்கள்?

அவன் வந்தபிறகு ஆட்டமே வேறாகிவிட்டது. யார் எந்தப் பக்கம் பாயப்போகிறான் என்பது, பாய்கிறவனுக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். சைகையிலும் எங்களையெல்லாம் மிஞ்சினான். தண்ணீருக்கு ஒன்று, ஏமாற்றுக்கு ஒன்று, 'உன் அம்மா வருகிறாள்' என்பதற்கு ஒன்று. ஓனர் அம்மாவுக்கு அவன் வைத்த அடையாளம், ஒரு பக்கமாக இடுப்பை வளைத்து, இல்லாத சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நடப்பது. வாயைப் பொத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். கேப்டன் மட்டும், "எங்கம்மாடா அது" என்று உதட்டை அசைத்துவிட்டு, பிறகு அவனும் சிரித்தான்.

என்னை அவன் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவனைப் பார்த்தாவது இவள் வாயை அடக்கட்டும் என்று. நடந்தது வேறு. அவுட் ஆகி உட்காரும்போதெல்லாம், பள்ளிக்கூடக் கதை, வீட்டுக் கதை, கேப்டன் திருட்டுத்தனமாக மூக்கைவிட்ட கதை என்று எல்லாவற்றையும் சத்தமே இல்லாமல் உதட்டால் அவனிடம் கொட்டினேன். அவன் என் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பான். என் பேச்சை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் அம்மா சில நாள் கோதுமை மாவில் வெல்லம் பிசைந்து பொரித்த தட்டைப் பலகாரம் கொண்டுவருவார். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டுக் கும்பிடுவார். கும்பிடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். வடக்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தின்றோம். மகனைக்கூட அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலுக்கு வந்து தோளைத் தொடுவார். அதுவும் எங்கள் சட்டப்படி சரியாகவே இருந்தது.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது வயர் கம்பெனிக்கு ஷட்டவுன் விட்டார்கள். மெஷினையெல்லாம் கழற்றிப் பராமரிக்க வருஷத்துக்கு ஒருமுறை விடுவது. அக்காக்கள் பை பையாகத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். எதிர் வரிசை முழுக்கப் பூட்டு. ஓனர் அம்மா வாசலில் வந்து நின்று, "ஒருத்தியும் இல்ல. கத்தித் தொலைங்கடா" என்றார்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஆட்டமே ஆடாமல் முதலில் கொஞ்ச நேரம் சும்மா கத்தினோம். பிறகு ஆடினோம். கபடி கபடி கபடி என்று தொண்டையைத் திறந்து பாடிப் போனேன். மூக்கு சும்மா இருந்தது, இரண்டு கையும் சும்மா இருந்தன, வாய் மட்டும் வேலை செய்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், எல்லா வாயும் ஒரே நேரத்தில்.

அவன் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் யாரையும் பார்க்காமலே ஆடிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டால் போதுமே, எதற்குப் பார்க்க வேண்டும்? "பின்னால வராண்டா, ஓடு ஓடு!" என்று எங்கள் அணி மொத்தமும் அவனைப் பார்த்து அலறியது. அவன் திரும்பவே இல்லை. முதுகில் அடி விழுந்தது. தோற்றோம். "செவுடாடா நீ?" என்று கேப்டன் அவன் முகத்துக்கு நேராகக் கத்தினான். திட்டத்தான் கேட்டான், கேள்வியாகக் கேட்கவில்லை. அவன் கேப்டனின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ரூமுக்குள் போய்விட்டான். நாங்கள் அடுத்த ஆட்டத்துக்குக் கோடு போட்டோம்.

அன்று சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே அவன் அம்மா வந்து நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தையில் கற்ற தமிழில் கேட்டார்.

"அக்கா... என் பையன் தப்பு பண்ணுச்சா?"

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"பசங்க எல்லாம் இன்னிக்கி ஏன் வாய்ல பேசுது?"

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவர் தன் காதைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினார்.

"இவன் காது வராது. உங்களுக்குத் தெரியும்ல. ஊர்ல ஒரு பையனும் இவன் கூட ஆடாது. இங்க எல்லாப் பசங்களும் இவனுக்காக வாய மூடுச்சு. நான் ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னேன், இங்க பசங்க சாமி மாதிரின்னு. இவன் அப்பா, ரெண்டு பேரும் ஊருக்குப் போ, போன்னு சொல்லுது. நான்தான் போமாட்டேன், இங்க இவனுக்கு ஆள் இருக்குன்னு சொன்னேன். இன்னிக்கி எல்லாம் பேசுது. உள்ள வந்து அழுவுது. என்ன தப்பு பண்ணுச்சு, சொல்லுங்க அக்கா. நான் அடிச்சி சொல்றேன் அவன."

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்வதற்குத்தான். அம்மாவின் ஈரக்கை என் தலைமேல் வந்து உட்கார்ந்து அழுத்தியது.

"தப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. "அவன எதுக்கு அடிக்கப்போற? ஷட்டவுன் வுட்டாங்கன்னு இதுங்க ஒருநாள் ஆட்டம் போட்டுருச்சுங்க. நாளைக்குப் பாரு, பழையபடி ஆயிடும். நீ கண்ணத் தொடச்சிக்க."

அவர் போனதும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "பொய் சொன்ன!"

"ஆமா."

"நாங்க அக்காங்க தூங்கறதுக்குத்தான வாய மூடினோம். அதுவும் ஓனர் அம்மாவுக்குப் பயந்துக்கினு. இவனுக்குக் காது கேக்காதுன்னே எங்களுக்குத் தெரியாது!"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"அப்பறம் ஏன் அப்பிடிச் சொன்ன?"

அம்மா அரிசித் தண்ணீரை வடித்தாள். "கதவு தெறந்துதான் கீது. உன் வாய்தான் சும்மா இருக்காதே. போய்ச் சொல்லிட்டு வா. உன் பையனுக்காக ஒண்ணும் இல்ல, வேற எதுக்கோ மூடினு இருந்தோம்னு."

ரோஷத்தில் போகவும் போனேன். கடைசி ரூம் வாசற்படியில் அவன் உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் நான் பேசத் தொடங்கிவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ, அவசரமாக விரல்களைக் கிளி மூக்கு மாதிரி குவித்துக் காட்டினான். திறந்து மூடவில்லை. குவித்தபடியே வைத்துக்கொண்டு, பிளந்த புருவத்தை உயர்த்தினான். நீதானே? பழைய நீதானே? அப்படித்தான் எனக்குப் பட்டது. நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அம்மா, சொன்னாயா என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை, குழாயடியில் கூட்டம் போட்டேன். கேப்டன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"இந்த ஒரு வாரம்தான் கத்த முடியும். அக்காங்க வந்துட்டா மறுபடி மூக்கப் புடிச்சிக்கினு ஓடணும். இப்பவுமாடி?"

"அவங்கம்மா ஊருக்கெல்லாம் போன் பண்ணி சொல்லிட்டாங்களாம். நம்மள சாமின்னு."

"யார, என்னையுமா?"

"உன்னத்தான் மொதல்ல."

கேப்டன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்து கடைசி ரூமுக்குப் போய், அவன் தோளைத் தொட்டு, இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினான்.

அந்த வாரம் முழுக்க, தூங்குவதற்கு ஒருவர்கூட இல்லாத அந்த வாசலில், பூட்டிய கதவுகளுக்கு முன்னால் கன்னத்தை உப்பிக்கொண்டு ஓடினோம். ஓனர் அம்மா சந்தேகப்பட்டு இரண்டு மூன்று முறை வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, எவளும் இல்லன்னு சொன்னனே. ஏன்டா பேய் புடிச்ச மாதிரி ஆடறீங்க?" என்றார். கேப்டன் அவருக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கி நடந்து காட்டினான்.

கடைசி நாள், ஷிப்ட் முடிந்து வந்த அம்மா கேட் அருகே நின்றாள். வழக்கமாகத் தெருமுனையிலேயே என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வருகிறவள், அன்று சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தாள். பார்த்ததும் விரல்களைக் குவித்து, கிளி மூக்கைத் திறந்து மூடினாள். வீட்டுக்கு வா.

அவனுக்காகத்தான் வாயை மூடினோம் என்கிற அம்மாவின் பொய்யைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அந்த வாரம் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு முட்ட, கண் பிதுங்க, அவ்வளவு சிரத்தையாகக் காப்பாற்றினேன். அது எந்த மத்தியானத்தில் பொய்யாக இல்லாமல் போயிற்று என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று நடக்கும் என்பதே அப்போது தெரியாது.