பச்சைக்காய்

மூலிகைக் கடைக்காரியை மார்க்கெட்டில் எல்லோரும் 'இடி' என்பார்கள். வாயும் அப்படி, கையும் அப்படி. வாய்ப்புண்ணுக்கு அவள் மணத்தக்காளிப் பொடி விற்றாள். கறுத்துப் பழுத்த பழம்தான் மருந்து, வற்றலாக்காத பச்சைக்காய் நஞ்சு என்பது பொடி இடித்துத் தரும் அவள் தம்பிக்கும் தெரியும். தெரிந்தே எடை கூட்டக் காயைக் கலந்தான்.

அதைச் சாப்பிட்ட தையல்காரரின் மகள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். தையல்காரர் வந்து கடையை அடித்து நொறுக்கினார். கடைக்காரியின் நெற்றி பிளந்தது. ரத்தம் வழிய அவள் தம்பியின் குடோனுக்குப் போனாள்.

"காய் கலந்தியாடா?"

"கொஞ்சந்தான்க்கா. அதுல யாரு சாகப் போறா?"

அவள் விட்ட அறையில் அவன் காய் மூட்டைமேல் விழுந்தான். மார்பில் முழங்காலை ஊன்றி, பச்சைக்காயைப் பிடிபிடியாக வாயில் திணித்தாள். "கொஞ்சந்தானே, முழுங்கு!" விரலை அவன் கடித்துக் குதறியும் அவள் விடவில்லை.

மாலைக்குள் அவன் புழுவாய்த் துடித்தான். கோபமெல்லாம் வடிந்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தையல்காரரின் மகளும் அங்கேதான் கிடந்தாள்; வாசலில் போலீஸ் நின்றது.

"என்ன சாப்பிட்டாரு?" என்றார் டாக்டர்.

மறைத்தால் தம்பி போய்விடுவான். "மணத்தக்காளிப் பச்சைக்காய். நான்தான் திணிச்சேன்."

சிறுமியும் தம்பியும் பிழைத்தார்கள். கலப்பட வழக்கில் ஜாமீனில் வெளிவந்து, ஜெயிலில் அவளைப் பார்க்க வந்த தம்பி தலைகுனிந்து நின்றான்.

"இன்னும் வாய் கசக்குதுக்கா."

"கசக்கட்டும்" என்றாள்.