நண்டுக்கு வைத்த பேனர்

என் வீட்டுக்காரர் சாமியை நம்புகிறாரோ இல்லையோ, அந்த ராட்சத நண்டை நம்புவார். கடலுக்கடியிலிருந்து எழுந்து வந்து, கட்டடங்களைக் கொடுக்கால் கிள்ளிப்போடும் இங்கிலீஷ் பட நண்டு. ஆறு பாகம் வந்திருந்தது. ஆறையும் முதல் நாளே தமிழில் பார்த்தவர். கல்யாணமான மறுவாரம் என்னை அழைத்துப்போனது மூன்றாம் பாகத்துக்கு. ஆளைப் பற்றி அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவருக்கு வேலை தவளக்குப்பத்தில் ஒரு பேனர் கடையில். எங்கள் ஊரில் காது குத்தினாலும் பேனர், கட்சி மாறினாலும் பேனர், செத்தாலும் பேனர். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பவர் இவர். நண்டு படம் வந்தால் தியேட்டர் வாசலில் இவருடைய பேனர் ஒன்று நிற்கும். நடிகருக்கு ரசிகர்கள் வைப்பதுபோலத்தான். மேலே நண்டு, கீழே கும்பிட்டபடி இவரும் இவருடைய கூட்டாளிகளும்.

ஏழாம் பாகம் வந்தபோது அவருக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரி. என்னுடைய கிட்னியில் ஒன்றைத் தருகிறேன் என்றேன். பரிசோதித்துவிட்டு, பொருந்துகிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இவர்தான் அசையவில்லை.

"உனக்கும் எதனா ஆச்சுன்னா பொண்ண யாரு பாத்துப்பா? வுடு, இருக்கிற வரைக்கும் இருக்கேன்."

கெஞ்சினேன், சாப்பிடாமல் கிடந்தேன், பேச்சையே நிறுத்திப் பார்த்தேன். மனிதர் நிம்மதியாக டிவி பார்த்தார். 'இருக்கிற வரைக்கும்' என்பதைக் காபி கேட்கிற குரலில் சொன்னால் பெண்டாட்டிக்கு வயிறு எரியுமா, எரியாதா?

படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். அது ஆஸ்பத்திரி நாள், அதனால் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். பேனரை முன்பே செய்து கடைப் பையன்களிடம் கட்டச் சொல்லியிருந்தார். கட்டிய பிறகு அவர் பார்க்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும், வாசலில் அண்ணாந்து நின்ற ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்.

"யாரும்மா செத்தது?"

பார்த்தேன். நண்டு கம்பீரமாகத்தான் நின்றது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. நண்டுக்குக் கீழே ஒரு ஓரத்தில் 'தோற்றம்', மறு ஓரத்தில் 'மறைவு'. தேதி மட்டும் காலி. அதற்கு முன்பு செய்த கண்ணீர் அஞ்சலி பேனரின் மேலேயே கம்ப்யூட்டரில் நண்டை ஒட்டியிருக்கிறார், களைப்பில் மற்றதை அழிக்க மறந்துவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு தவறுகூட விடாத மனிதர். "எனக்கு எல்லாமே மங்கிப்போச்சுடி" என்றார். வழக்கமாகக் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை, பாவமாக இருந்தது.

படமாவது காப்பாற்றும் என்று உட்கார்ந்தோம். அவருக்குத் தண்ணீர் அளவாகத்தான். தாகத்துக்கு நான் டப்பாவில் கொண்டுபோயிருந்த ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டார். முதல் ஒரு மணி நேரம் நண்டே இல்லை. ஒரு விஞ்ஞானியும் அவர் மனைவியும் விவாகரத்து பற்றிப் பேசினார்கள். இடைவேளைக்குப் பிறகும் பேசினார்கள். நண்டு வந்தபோது ஒரே இருட்டு, மழை. கொடுக்கு எது, கால் எது என்று தெரியவில்லை. கடைசியில் சண்டையே போடாமல், சம்பந்தி வீட்டில் கோபித்துக்கொண்டவர்போலக் கடலுக்குத் திரும்பிவிட்டது. எனக்கே அதன்மேல் இரக்கம் வந்தது. வேலை கொடுத்தால்தானே அதுவும் செய்யும்?

விளக்கைப் போட்டதும் பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"பேனர் வச்சவன் முன்னாடியே படத்தப் பாத்துட்டான்டா!"

தியேட்டரே சிரித்தது. பயந்துபோய் இவரைப் பார்த்தேன். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வெகுநாளாகியிருந்தது.

கூட்டம் கலைந்தும் இவர் எழவில்லை. பெயர்கள் ஓடி முடிந்ததும் ஒரு துண்டுக் காட்சி வரும், அதைப் பார்க்காமல் அவர் எழுந்ததே கிடையாது. வந்தது. கடலடியில் மணலைத் தள்ளிக்கொண்டு ஒரு குட்டிக் கொடுக்கு வெளியே நீண்டது.

"அடுத்த பாகம் இருக்குது" என்றார். "எப்படியும் மூணு, நாலு வருஷம் ஆவும்."

எங்கள் வீட்டில் அடுத்த மாதத்தைப் பற்றிக்கூட யாரும் பேசுவதில்லை.

திரை அணைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கருமத்தப் போயி கடைசியா பாத்துட்டுப் போனா என் கட்டை வேவாதுடி. திங்கக்கெழம நீயும் ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டர்கிட்ட அந்த ஆபரேஷனப் பத்திக் கேப்போம்."

அந்த மட்டமான படத்தை எடுத்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்கட்டும் என்று, காலி நாற்காலிகளுக்கு நடுவில் அழுதுகொண்டே வாழ்த்தினேன்.